ஐயோவை முழுங்கின கோமதி

ஒரு ஊர்ல ஒரு ஐயோ இருந்துச்சு.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். எல்லாரும் ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாருன்னு ஆரம்பிப்பாங்க. இந்த ஊர்ல ராசா கிடையாது, ஐயோதான் இருந்துச்சு. எங்க இருந்துச்சு? கோமதின்னு ஒரு அம்மா, அவ வாய்க்குள்ள இருந்துச்சு. காலை நீட்டிப் படு. போர்வையை இழுத்துக்க. அத்தை சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா கதை அங்கயே நின்னுரும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.

“ம்.”

அந்தக் கோமதி கைமுறுக்கு சுத்துறதுல பேர் போனவ. ஈர வேட்டியை விரிச்சு உக்காந்தான்னா, மாவைக் கிள்ளுவா, ரெண்டு விரலுக்கு நடுவுல திரிச்சுத் திரிச்சு விடுவா. ஒரு சுத்து. அதுக்கு வெளிய ஒரு சுத்து. அதுக்கும் வெளிய ஒரு சுத்து. எல்லாம் ஒரே கனம், ஒரே வட்டம். அப்புறம் அலுங்காம எடுத்து எண்ணெயில விட்டா, சொய்ய்ய்ங்! அந்த வாசனைக்கு அடுத்த தெரு நாயெல்லாம் வாலாட்டிக்கிட்டு வந்து நிக்கும்.

அவளுக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ ஆவுடை, கல்யாணத்துக்கு நிச்சயம் பண்ணியாச்சு. சின்னவ செண்பகம், உன்னை விட ஒரு சாண் உசரம் இருப்பா. ரொம்ப வருசம் கழிச்சுப் பிறந்த பிள்ளைங்கறதால கோமதிக்குச் சின்னது மேல உசுரு. அந்தப் பிரியம் அவளுக்கு வாய் வழியாத்தான் வெளிய வரும். வரும்போது ஐயோவா வரும்.

பிள்ளை ஓடுச்சா? “ஐயோ! விழுந்துருவட்டி!” தண்ணி மொண்டுச்சா? “ஐயோ! சிந்திரும்!” சிலேட்டுல ‘ழ’ எழுதிக் கொண்டாந்து காட்டுச்சா? “ஐயோ! வாலைக் காணோமே!” அந்தச் சத்தம் இருக்கே, முருங்கை மரத்துல உக்காந்திருந்த காக்கா படபடபடன்னு பறந்துரும். எதிர்வீட்டு ஆச்சி வெத்தலை உரலைக் கீழ போட்டுருவா. ஒண்ணும் ஆகியிருக்காது. கோமதிக்கு அது மூச்சு விடுற மாதிரி.

இப்போ உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத.

“ம்.”

ஒவ்வொரு பிள்ளை தலைக்குள்ளயும் ஒரு காவக்காரரு இருக்காரு. கொத்தமல்லி விதை அளவு. தலையில முண்டாசு, கையில ஒரு மணி. உன் தலையிலயும் இருக்காரு. ஏய், காதைக் குடையாத, அவருக்குக் கூச்சமா இருக்கும். அவருக்கு ஒரே ஒரு வேலைதான். நீ ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டா, டிங்! அவ்வளவுதான். டிங்னதும் நீ ஓகோன்னு திரும்பிப் பாப்ப, சரி பண்ணுவ, போயிட்டே இருப்ப. நல்ல மனுசன். அவரு இல்லைன்னா நீ சட்டையை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருவ.

செண்பகம் தலையில இருந்தவரும் அப்படித்தான் இருந்தாரு. ஆனா பாவம், அவரு ஐயோக்காரி வீட்டுல வந்து மாட்டிக்கிட்டாரே! முதல்ல அவருகிட்ட ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டுற மணிதான் இருந்துச்சு. பிள்ளை ஒரு நா மோரைக் கொஞ்சம் சிந்திருச்சு. அவரு டிங்னு அடிச்சாரு. வெளியில இருந்து ‘ஐயோ!’ன்னு ஒரு அலறல். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ‘அடடா, இது பெரிய தப்பு போலிருக்கே, நாமதான் சின்ன மணியா அடிச்சுட்டோம்’னு நினைச்சாரு. அப்புறம் பூசை மணி கொண்டாந்து வச்சாரு. கிணிங் கிணிங்! மறுபடியும் ஐயோ. அப்புறம் பள்ளிக்கூட மணி. டாங்! அப்பவும் ஐயோ. கடைசியில கோயில் மணியே கொண்டாந்து தொங்க விட்டுட்டாரு. டொய்ய்ய்ங்ங்ங்! தலைக்குள்ள கோயில் மணி அடிச்சா எப்படி இருக்கும் சொல்லு?

“காது வலிக்கும் அத்தை.”

காது மட்டுமா? நெஞ்சு படபடங்கும், கை வேர்க்கும். கொஞ்ச நாள்ல அவரு இன்னொண்ணு பண்ணினாரு. தப்பு நடந்த பிறகு அடிச்சாத்தானே ஐயோ வருது, முன்னாடியே அடிச்சுருவோம்னு முடிவு பண்ணிட்டாரு. பிள்ளை சொம்பைத் தொடப் போனாலே டொய்ங். பேச வாயைத் திறந்தாலே டொய்ங்.

அப்போ செண்பகம் என்ன பண்ணுச்சு? தண்ணி மொள்ளுறதை விட்டுருச்சு. சிலேட்டைத் தொடுறதை விட்டுருச்சு. தானா எடுத்துச் சாப்பிடுறதை விட்டுருச்சு. அப்புறம் ஒரு நா பேசுறதையும் விட்டுருச்சு. கேட்டா தலையை ஆட்டும், இல்லைன்னா கோமதி முந்தானைக்குள்ள மூஞ்சியை வச்சுக்கும். பேசுனா தப்பாப் போயிருமோன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல.

கோமதிக்குச் சோறு இறங்கல. ராவும் பகலும் அதே நினைப்பு. என் பிள்ளை குரலை இனிமே கேக்கவே மாட்டேனான்னு அடுப்புக்கு முன்னாடி உக்காந்து அழுவா. அக்கா கல்யாணம் வேற பக்கத்துல வந்துருச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போற சீர்த்தட்டுல முறுக்கு அடுக்குவாங்களே, அதுல எல்லாத்துக்கும் மேல வைக்குற முறுக்கைப் பொண்ணோட தங்கச்சிதான் சுத்தணும். வேற யாரும் சுத்தக் கூடாது. மாப்பிள்ளையோட அம்மா அதைத்தான் முதல்ல உடைச்சுத் திம்பா. சொம்பையே தொடாத பிள்ளை முறுக்கை எங்க சுத்தும்?

கோமதி கோயிலுக்குப் போனா. பூசாரி கயிறு மந்திரிச்சுக் கட்டினாரு. “ஐயோ, கயிறு நனைஞ்சுரப் போவுது, கையைத் தூக்கு!”ன்னா கோமதி. டொய்ங். அப்புறம் வைத்தியர்கிட்ட போனா. அவரு கசாயம் குடுத்தாரு. “ஐயோ, துப்பிராதட்டி!”ன்னா. டொய்ங். அப்புறம், “என் ராசாத்தி, ஒரு வார்த்தை பேசு, அம்மா வெள்ளிக் கொலுசு வாங்கித் தாறேன்”னு மோவாயைப் பிடிச்சுக் கொஞ்சினா. பிள்ளைக்கும் ஆசைதான். எந்த வார்த்தையைச் சொல்றதுன்னு யோசிச்சுச்சு, உதடு துடிச்சுச்சு, கண்ணுல தண்ணி முட்டுச்சு. “ஐயோ, அழுவாத!” டொய்ய்ங். கயிறும் போச்சு, கசாயமும் போச்சு, கொலுசும் போச்சு.

தூங்கிட்டியா?

“இல்ல. காவக்காரர் வெளிய வருவாரா?”

வருவாரு, வருவாரு. அவசரக் குடுக்கை. ஒரு மத்தியானம், செண்பகம் அம்மா மடியில தலை வச்சுத் தூங்கிக்கிட்டிருந்துச்சு. கோமதி பேன் பாத்துக்கிட்டிருந்தா. அப்போ பிள்ளை காதுக்குள்ள இருந்து ஏதோ ஊர்ந்து வருது. பாத்தா சின்னதா ஒரு முண்டாசு! ரெண்டு காதுலயும் பஞ்சு. கம்மலைப் பிடிச்சுக்கிட்டு, ஸ்ஸப்பான்னு உக்காந்து கையை நீவி விட்டுக்குறாரு.

கோமதி சும்மா இருப்பாளா? “ஐயோ!”ன்னா.

அவ்வளவுதான், அந்த மனுசன் விழுந்தடிச்சுக் காதுக்குள்ள ஓடினாரு. டொய்ய்ய்ங்ங்! மடியில தூங்குன பிள்ளை தூக்கத்துலயே திடுக்குன்னு தூக்கிப் போட்டு, கையை இறுக்கி மூடிக்கிச்சு. கோமதி அதைப் பாத்தா. தன் வாய்ல இருந்து ஐயோ போறதையும், அந்த ஆளு ஓடுறதையும், பிள்ளை துள்ளுறதையும் ஒண்ணா இப்பத்தான் பாக்குறா. வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரு மெல்ல எட்டிப் பாத்தாரு.

“ஏன்யா, பச்சைப் பிள்ளை தலைக்குள்ள இவ்வளவு பெரிய மணியா?”ன்னு கேட்டா கோமதி.

“நீங்கதானேம்மா அடிக்கச் சொன்னீங்க.”

“நான் எப்போ சொன்னேன்?”

“தப்பு நடந்தா மணி அடிக்கணும், அது எனக்குத் தெரியும். எவ்வளவு பெருசா அடிக்கணும்னு எனக்குத் தெரியாது. வெளிய எட்டி உங்களைப் பாப்பேன். நீங்க எவ்வளவு பயப்படுறீங்களோ, அவ்வளவு பெருசா அடிப்பேன்.”

“பிள்ளை நல்லா வரணும்னுதானேய்யா நான் கத்துனேன்!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எனக்குச் சத்தம் மட்டுந்தான் கேக்கும்.”

கோமதி பிள்ளை தலையைத் தடவிக் குடுத்தா. கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது. நம்ம பிள்ளையை நாமளே இப்படிப் பண்ணிட்டோமேன்னு வயிறு எரியுது. அவ கெட்டவ இல்லடா கண்ணு. பிரியம் ஜாஸ்தி, வாய் அதை விட ஜாஸ்தி.

அந்த ஆளுக்கே பாவமாப் போச்சு. “அழாதீங்கம்மா. உங்க தலைக்குள்ள இருக்குறது எங்க சித்தப்பாதான். உங்க அம்மா போட்ட சத்தத்துல அவருக்குக் காதே கேக்காது. எனக்குக் காதாச்சும் கேக்குது”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அன்னைக்கு முடிவு பண்ணினா கோமதி, இனிமே ஐயோ சொல்றதில்லைன்னு. சொல்றது லேசு. செய்யுறதுதான் பெரும்பாடு.

மறுநா செண்பகம் தாகம் தாங்காம, யாரும் பாக்கலைன்னு நினைச்சுச் சொம்பை எடுத்துச்சு. கை நழுவிருச்சு. டமார்! களகளகளன்னு வீடு பூரா தண்ணி. கோமதி தொண்டை வரைக்கும் வந்துருச்சு ஐயோ. லபக்குன்னு முழுங்கினா. முழுங்கின ஐயோ உள்ள போயி விக்கலாப் போச்சு. விக், விக், விக். வாயில ஒண்ணும் வரல. ஆனா புருவம் ரெண்டும் நெத்திக்கு ஏறி, கண்ணு ரெண்டும் பிதுங்கி நிக்குது! காவக்காரரு எட்டிப் பாத்தாரு. இந்த மூஞ்சியைப் பாத்தா யாருக்குத்தான் பயம் வராது? டொய்ங். அப்புறம் பிள்ளை காது வாசலுக்கு வந்து, “அம்மா, மூஞ்சி”ன்னாரு.

ம் கொட்டு.

“ம்... மூஞ்சியும் சொல்லுமா?”

சொல்லுமே. மூஞ்சி வாயை விடச் சத்தமாச் சொல்லும்.

அப்புறம் இன்னொரு நா, கோமதி பூ கட்டிக்கிட்டிருந்தா. பிள்ளை பக்கத்துல வந்து உக்காந்து, நாரையும் ரெண்டு பூவையும் எடுத்துச்சு. முடிச்சு வழுக்கிப் பூவெல்லாம் சரசரன்னு உதிர்ந்துருச்சு. கோமதி வாயை மூடிட்டா. மூஞ்சியைக் கல்லு கணக்கா வச்சுக்கிட்டா. ஆகா, ஜெயிச்சாச்சுன்னு நினைக்குறதுக்குள்ள, அவ கை இருக்கே கை, விசுக்குன்னு போயி நாரைப் பிடுங்கி, சர்ரு சர்ருன்னு தானே கட்டி முடிச்சுருச்சு. பிள்ளை வெறுங்கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. டொய்ங். “அம்மா, கை”ன்னாரு காவக்காரரு.

கோமதிக்குக் கோவம் வந்துருச்சு. “வாயைக் கட்டினேன், மூஞ்சியைக் கட்டினேன், கையையும் கட்டணுமா? பெத்தவ என்னதான்யா பண்றது?”

“உக்காந்திருங்கம்மா. அது போதும்.”

மூணாவது தடவை மோர். பிள்ளை தட்டுல மோர் ஊத்துச்சு. ஊத்துச்சு, ஊத்துச்சு, நிறுத்தத் தெரியல. தட்டு நிறைஞ்சு, வழிஞ்சு, சோறு மிதக்குது. கோமதி தன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு, அது மேலேயே உக்காந்துக்கிட்டா. மனசுக்குள்ள முருகா முருகாங்குறா. மூஞ்சியில எதுவும் காட்டல. பிள்ளை நிமிந்து பாத்துச்சு. அம்மா பாட்டுக்கு வாயில போட்ட ஊறுகாயைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கா. காவக்காரரும் பாத்தாரு. கோயில் மணிக் கயித்தைப் பிடிச்சவரு, யோசிச்சாரு, விட்டுட்டாரு. பள்ளிக்கூட மணியை ஒரு தட்டுத் தட்டினாரு. டாங். அவ்வளவுதான். பிள்ளை எந்திரிச்சுப் போயி துணியைக் கொண்டாந்து துடைச்சுச்சு. கோமதி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

அப்புறம் எல்லாம் ஒரே நாள்ல சரியாயிருச்சான்னு கேட்டா, இல்ல. நடுநடுவுல கோமதிக்கு ஐயோ தவறி வந்துரும், அன்னைக்கு மறுபடியும் பெரிய மணி. அவளும் மனுசிதானே. ஆனா வர வர மணி சின்னதாச்சு. பிள்ளை சிலேட்டை எடுத்துச்சு, பூவெடுத்துச்சு. பேச்சு மட்டும் வரல.

கல்யாண வேலை வந்துருச்சு. முறுக்கு சுத்துற அன்னைக்குத் தெருப் பொம்பளைங்க எல்லாரும் வட்டமா உக்காந்துட்டாங்க. வேட்டி விரிச்சாச்சு, மாவு பிசைஞ்சாச்சு, உருளியில எண்ணெய் காயுது. “தங்கச்சி முறுக்கு சுத்தணுமே!”ன்னாங்க. செண்பகம் கதவு மறைவுல நின்னு பாக்குது. கோமதி கூப்பிடல. பக்கத்துல ஒரு ஆளு உக்காருற அளவுக்கு நகந்துக்கிட்டா, அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் கழிச்சுச் செண்பகம் வந்து உக்காந்துச்சு. மாவைக் கிள்ளுச்சு. நடுவுல ஒரு சுழி வச்சுச்சு. ஒரு சுத்து வந்துச்சு. ரெண்டாவது சுத்து போயிக்கிட்டே இருக்கு, பொட்டுன்னு அறுந்துருச்சு.

சுத்தி உக்காந்திருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் மூச்சை உள்ள இழுத்தாங்க. அத்தனை வாயிலயும் ஒரு ஐயோ தயாரா நிக்குது! கோமதி தலையை நிமித்தி ஒரு பார்வை பாத்தா. ஐயோ எல்லாம் வந்த வழியே உள்ள போயிருச்சு. அப்புறம் அவ பிள்ளையைப் பாக்காம, தன் முறுக்கைச் சுத்திக்கிட்டே, சாதாரணமாக் கேட்டா.

“மாவு காஞ்சிருக்கோ?”

டிங்.

ஆட்டுக்குட்டி மணி. எங்கயோ தொலைச்சிருந்ததைத் தேடி எடுத்து அடிச்சாரு அந்த நல்ல மனுசன். செண்பகம் மாவைத் தொட்டுப் பாத்துச்சு. ஆமா, காஞ்சுதான் இருக்கு. தண்ணியில விரலை நனைச்சுச்சு, அறுந்த இடத்தைச் சேத்து ஒட்டுச்சு, மறுபடி திரிக்க ஆரம்பிச்சுச்சு. ஒட்டின இடத்துல ஒரு முண்டு. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஒல்லி. வட்டமும் இல்ல, சதுரமும் இல்ல. கோமதி அதை அப்படியே எடுத்து எண்ணெயில விட்டா. சொய்ய்ய்ங்!

முழிச்சுக்கிட்டு இருக்கியா?

“ம்... அப்புறம்?”

அப்புறம் கல்யாணம். பீப்பீ, டும்டும். சீர்த்தட்டு வந்துச்சு. எல்லாம் கோமதி சுத்தின முறுக்கு, அச்சுல வார்த்த மாதிரி. மேல மட்டும் செண்பகத்தோட முறுக்கு. மாப்பிள்ளையோட அம்மா அதை எடுத்தா. அந்த அம்மாவுக்கு வெங்கலத் தொண்டை. முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டா:

“இதை யாரு சுத்துனது?”

கொட்டுமேளம் நின்னுருச்சு. ஆவுடை மணையில உக்காந்துக்கிட்டு அம்மாவைப் பாக்குறா. கோமதி மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டா. ‘நான்தான் சம்மந்தி, கை தவறிருச்சு’ன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு, பிள்ளை தப்பிச்சுரும். வாய் வரைக்கும் வந்துருச்சு அந்த வார்த்தை. அது ஐயோவை விடப் பெருசு, ஐயோவை விட இனிப்பு வேற. காவக்காரரு மணியை வச்சுக்கிட்டுக் கோமதியையே பாத்துக்கிட்டு இருக்காரு.

கோமதி முழுங்கினா. வாயை அடக்கினா, மூஞ்சியை அடக்கினா, கையை அடக்கினா. சும்மா பிள்ளையைப் பாத்தா. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான்னு பாத்தா.

செண்பகம் எந்திரிச்சு நின்னுச்சு. பாவாடையை ரெண்டு கையாலயும் கசக்குச்சு.

“நான்.”

எத்தனை நாளாச்சு அந்தக் குரலைக் கேட்டு! கோமதி பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டா.

“நான் சுத்தினேன். நடுவுல அறுந்துருச்சு. தண்ணி தொட்டு ஒட்டினேன். அந்த முண்டு இருக்குல்ல, அதுதான் ஒட்டின இடம்.”

மாப்பிள்ளையோட அம்மா அந்த முண்டைப் பாத்தா. படக்குன்னு உடைச்சு வாயில போட்டா. கறுக், முறுக், கறுக், முறுக்.

“நல்லாத்தான் இருக்கு”ன்னு சொல்லிட்டு மிச்சத்தையும் போட்டுக்கிட்டா. அவ்வளவுதான். வானமும் இடிஞ்சு விழல, கல்யாணமும் நிக்கல. கொட்டு மறுபடி ஆரம்பிச்சுருச்சு.

அப்புறம் அந்தப் பிள்ளை பேச ஆரம்பிச்சுச்சு பாரு! சாப்பிடும்போது பேசுச்சு, கை கழுவும்போது பேசுச்சு, வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியெல்லாம் பேசுச்சு. பாதிக்குப் பாதி தப்பு. மாடு நாலு கால்ல பறந்துச்சுங்குது, மாப்பிள்ளைக்கு மீசை முதுகுல இருக்குங்குது. கோமதி ஒரு வார்த்தை திருத்தல. நடு ரோட்டுலயே பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. இவ்வளவு வளந்த பிள்ளையை யாராச்சும் தூக்குவாங்களான்னு தெருவே சிரிக்குது. சிரிச்சா சிரிக்கட்டும்னு, அந்தக் கன்னத்துல கன்னத்தை வச்சுக்கிட்டு, கேட்டுக்கிட்டே நடந்தா.

காவக்காரரு என்ன ஆனாரா? அதே வீட்டுலதான் இருக்காரு. ஆட்டுக்குட்டி மணியைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு, முண்டாசை அவுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்துட்டாரு. செண்பகமும் படுத்துருச்சு. கதையும் படுத்துருச்சு. நீயும் படு, என் தங்கம்.